எல்லாத் துண்டும் சரி, கூட்டினால் மட்டும் கோணல்: எங்கே தவறினேன்?

பதிவு 1: இழைப்புளி

நேற்று மாலையிலிருந்து ஒரு மரச்சட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

900 மில்லிமீட்டர் உயரத்தில் இரண்டு நிலைக்கட்டைகள். அவற்றுக்கு நடுவே குறுக்காக 12 ரீப்பர்கள், ஒவ்வொன்றும் 600 மில்லிமீட்டர் நீளம். மொத்தப் பொருளும் இவ்வளவுதான். முதல் ரீப்பரை அளவுகோல் வைத்து வெட்டினேன். அதை அடுத்த கட்டையின் மேல் வைத்துப் பென்சிலால் கோடு கிழித்து இரண்டாவதை வெட்டினேன். இரண்டாவதை வைத்து மூன்றாவது, மூன்றாவதை வைத்து நான்காவது, இப்படியே பன்னிரண்டு வரை. ஒவ்வொன்றையும் முந்தையதோடு சேர்த்துப் பிடித்துத் தடவிப் பார்த்தேன். நகம் லேசாகத் தட்டியது. அரை மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட்டேன்.

இப்போது கூட்டிவைத்தால் சட்டம் கால் அகட்டி நிற்கிறது. மேலே ஒழுங்காக இருக்கிறது, கீழே போகப்போக விரிகிறது. ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்திருக்கிறேன் என்பதுதான் எரிச்சல்.

பதிவு 2: அரம்பிடித்தகை

முதல் ரீப்பரையும் பன்னிரண்டாவதையும் மட்டும் அளந்து எழுதுங்கள் தம்பி. மற்றவை வேண்டாம்.

பதிவு 3: இழைப்புளி

600. 605.5.

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் புரியவில்லை ஐயா. அடுத்தடுத்த இரண்டை எடுத்து வைத்தால் இப்போதும் சரியாகத்தானே தெரிகிறது?

பதிவு 4: அரம்பிடித்தகை

ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தான் என்றார்களாம். ஊர் எல்லைக்குப் போவதற்குள் அவன் காக்கை காக்கையாக வாந்தி எடுத்துவிட்டான். உங்கள் ரீப்பர்களும் அப்படித்தான் வாய்க்கு வாய் மாறியிருக்கின்றன.

பென்சில் கோட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு. நீங்கள் ஒவ்வொரு முறையும் கோட்டின் வெளிப்பக்கத்தில் வெட்டியிருக்கிறீர்கள். ஒரு முறைக்கு அரை மில்லிமீட்டர். பதினொரு முறை நகலெடுத்தால் ஐந்தரை. கை ஒரு முறை இப்படியும் ஒரு முறை அப்படியும் தவறியிருந்தால் பெரும்பகுதி தன்னாலேயே கழிந்து, கடைசியில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டரோடு பிழைத்திருப்பீர்கள். உங்கள் கை ஒழுங்கான கை. ஒரே பக்கமாகத் தவறியிருக்கிறது, அதனால்தான் இவ்வளவு.

முதல் ரீப்பரின் மேல் ‘தாய்’ என்று எழுதிவிடுங்கள். மற்ற பதினொன்றையும் அதைவைத்தே குறியுங்கள். அப்போதும் அரை மில்லிமீட்டர் தவறும். ஆனால் பதினொன்றிலும் அதே அரைதான், ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. 

பதிவு 5: மைக்ரான்மணி

ஐயா சொன்னதோடு எனக்குத் தெரிந்த தொழிற்சாலைப் பக்கத்தையும் சேர்க்கிறேன். அங்கே ‘சரியான அளவு’ என்று ஒன்று கிடையாது. இரண்டு எல்லைகள் உண்டு. நடுவில் விழுந்தால் பாகம் தேறும்.

25 மில்லிமீட்டர் துளையை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் எச்7 என்று குறித்திருந்தால் துளை 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம். அதற்குள் சுழல வேண்டிய தண்டுக்கு ஜி6 என்று குறிப்பார்கள்: 24.980 முதல் 24.993 வரை. கழித்துப் பாருங்கள். மிக நெருக்கமான ஜோடிக்குக்கூட 7 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி மிஞ்சும், மிகத் தளர்ந்த ஜோடிக்கு 41. எண்ணெய்ப் படலம் குடியிருக்கிற வீடு அது. அதே துளையில் அசையாமல் நிற்க வேண்டிய தண்டு என்றால் பி6: 25.022 முதல் 25.035 வரை. துளையைவிடத் தண்டு பெரியது. தவறி அச்சாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றேதான்.

துளை போட்டவரும் தண்டு கடைந்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பாகங்கள் மட்டும் சந்திக்கும்போது தகராறில்லாமல் சேர்ந்துகொள்கின்றன. எனக்கு இன்றுவரை ஆச்சரியம் தீராத விஷயம் இது. 1785-இல் ஓனோரே பிளாங்க் என்ற பிரெஞ்சுக்காரர் ஐம்பது துப்பாக்கிகளின் விசைப்பூட்டுகளைக் கழற்றி, பாகங்களைத் தனித்தனித் தடுப்புகளில் போட்டு வைத்திருந்தார். அப்போது பிரான்ஸில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெஃபர்சன் கைக்கு வந்த பாகங்களை எடுத்துத் தானே சிலவற்றைப் பூட்டிப் பார்த்திருக்கிறார். எல்லாம் கச்சிதமாகச் சேர்ந்தன என்று கடிதம் எழுதிவைத்திருக்கிறார்.

பதிவு 6: அரம்பிடித்தகை

கதையின் மறுபாதியையும் சொல்லுங்கள் மணி. 1801-இல் எலி விட்னி அமெரிக்காவில் இதே வித்தையைக் காட்டிக் கைத்தட்டல் வாங்கினார். பிற்காலத்தில் அவருடைய துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது என்ன? பாகங்களில் தனித்தனி அடையாளக் குறிகள். ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் எளிதாக ஏறவில்லை. எங்கோ ஒரு மூலையில் என்னைப் போல் ஒருவன் அரத்தோடு உட்கார்ந்து தேய்த்திருக்கிறான். அவன் பெயர் எந்தக் கடிதத்திலும் இல்லை.

ஜேம்ஸ் வாட் 1769-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அவருடைய நீராவி எந்திரம் பெரிய அளவில் ஓட மேலும் ஆறேழு ஆண்டுகள் ஆயின. பணம் முதலிய பல தடைகள் இருந்தன. அவற்றில் ஒன்று, பிஸ்டனுக்கும் உருளைக்கும் நடுவே நீராவி ஒழுகியது. ஜான் வில்கின்சன் உருளையைக் குடைய ஒரு எந்திரம் செய்து கொடுத்த பிறகுதான் வழி பிறந்தது. 50 அங்குல உருளையில் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் காசின் தடிமன் அளவுக்குக்கூடப் பிழை இல்லை என்று வாட்டின் கூட்டாளி பூல்டன் பெருமைப்பட்டார். இன்று ஒரு காசின் தடிமன் பிழை என்றால் மணி அந்தப் பாகத்தைக் குப்பையில் போடுவார். அன்று எந்திரம் ஓடுவதற்கு அதுவே போதுமாக இருந்தது.

பதிவு 7: புதுவரவு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். துளையைவிடப் பெரிய தண்டை உள்ளே எப்படி நுழைப்பார்கள்? சம்மட்டியா? துளை உள்ள பாகத்தைச் சூடாக்குவார்கள் என்று கேள்விப்பட்டேன். சூடாக்கினால் உலோகம் விரிந்து துளை அடைத்துக்கொண்டு சுருங்கிவிடாதா?

பதிவு 8: மைக்ரான்மணி

சுருங்காது. கிட்டத்தட்ட எல்லோரும் ஒரு முறை இதில் வழுக்கி விழுந்தவர்கள்தான், நான் உட்பட. துளையைச் சுற்றியுள்ள வளையத்தை மனத்துக்குள் ஓரிடத்தில் வெட்டி, நீட்டி ஒரு பட்டையாக வைத்துப் பாருங்கள். சூடாக்கினால் பட்டை நீளும். நீண்ட பட்டையை மறுபடி வளைத்துச் சேர்த்தால் வளையம் பெரிதாகத்தானே இருக்கும்? எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 12 மைக்ரான் விரியும். 100 மில்லிமீட்டர் துளையை 100 டிகிரி சூடேற்றினால் 0.12 மில்லிமீட்டர் அகலும். தண்டு தானாக வழுக்கி உள்ளே இறங்கிவிடும். ஆறியதும் ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம்.

ஒரே நிபந்தனை: தயங்கக் கூடாது. ஒரு முறை பேரிங்கைப் பாதிவரை இறக்கிவிட்டு, நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அந்த மூன்று விநாடிக்குள் பிடித்துக்கொண்டது. பிறகு அதை வெட்டித்தான் எடுத்தோம்.

பதிவு 9: ஊசிமுனை

இரண்டு பேரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறீர்கள். அளவு, இன்னும் துல்லியமான அளவு. துணியில் அது எடுபடாது.

கோட்டு தைப்பவர்களைக் கேளுங்கள். கையின் மேல் வளைவையும், அது போய்ச் சேர வேண்டிய தோள்குழியின் சுற்றளவையும் டேப் வைத்து அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்காது. கையின் வளைவுதான் நீளம், இரண்டு மூன்று சென்டிமீட்டர்கூட இருக்கும். முதல் முறை பார்க்கிறவர்கள் தவறாக வெட்டிவிட்டோம் என்று பதறுவார்கள். தோள் உருண்டை, தட்டையான துணி உருண்டையின் மேல் இழுபடாமல் உட்கார அந்தக் கூடுதல் துணி தேவை. ஆனால் ஒரு சுருக்கம்கூட வெளியே தெரியக் கூடாது.

எப்படி அடக்குவது? முதலில் இரண்டு துணியிலும் எதிரெதிரே வெட்டிய குறிகளைக் குண்டூசியால் சேர்த்துவிட வேண்டும். நடுவிலுள்ள உபரியை விரலால் பரப்ப வேண்டும். பிறகு நீளமான துணியைக் கீழே வைத்துத் தைக்க வேண்டும். தையல் எந்திரத்தின் பல் கீழிருந்து துணியைத் தள்ளுகிறது, மேலிருந்து பாதம் அழுத்திப் பிடிக்கிறது. அதனால் கீழ்த்துணி சற்று அதிகமாக நகர்ந்து, உபரியைத் தானே விழுங்கிக்கொள்ளும். இதே குணத்தால்தான் சமமான இரண்டு துணிகளைத் தைத்தாலும் முடிவில் மேல்துணி விரற்கடை நீண்டு நிற்கிறது. எந்திரம் கெட்டுவிட்டது என்று பலர் அதைத் திட்டுவார்கள்.

பொருந்துவது வேறு, சமமாக இருப்பது வேறு.

பதிவு 10: சக்கரமண்

ஊசிமுனை அக்காவுக்கு என் ஓட்டு. மண்ணில் அளவைவிட ஈரம் முக்கியம்.

கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டும்போது கோப்பை தோல்போல இறுகியிருக்கும். கைப்பிடியும் அதே பதத்துக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கீறி, கூழாகக் கரைத்த அதே மண்ணைத் தடவி, அழுத்தி லேசாக அசைத்தால் ‘கிறுக்’ என்று ஒரு பிடிமானம் கையில் தெரியும். அந்த உணர்வு வந்தால்தான் கையை எடுப்பேன். கோப்பை காய்ந்துபோய்க் கைப்பிடி மட்டும் ஈரமாக இருந்தால், ஒட்டிய அன்று ஒன்றும் தெரியாது. மண் காய்ந்து வெந்து முடிவதற்குள் சுமார் பத்து சதவீதம் சுருங்கும். கோப்பை சுருங்கி முடித்துவிட்டது, கைப்பிடி இப்போதுதான் ஆரம்பிக்கிறது. மூட்டில் மயிரிழைபோல ஒரு விரிசல். சூளையிலிருந்து எடுக்கும்போது கைப்பிடி மட்டும் கையோடு வரும். ஒரே சூட்டில் ஒன்பது கோப்பைகளை அப்படி இழந்தவன் சொல்கிறேன்.

அதனால்தான் ஒட்டியபின் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி மெதுவாகக் காயவைக்கிறோம். இரண்டும் ஈரத்தைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்று.

பதிவு 11: இழைப்புளி

நான் கேட்டது ஒரு சட்டத்தைப் பற்றி. துப்பாக்கி, கோட்டு, கோப்பை என்று எங்கோ போய்விட்டோம், இருந்தாலும் ரசித்துப் படிக்கிறேன். தாயை வைத்துப் பதினொன்றையும் மறுபடி வெட்டிவிட்டேன். ஒரு கேள்வி: அரை மில்லிமீட்டர் அங்குமிங்கும் இருந்தால் திருகாணி போட்டு இறுக்கிவிட்டால் சரியாகிவிடாதா? நன்றாக இறுக்கினால் அசையாதே.

பதிவு 12: அரம்பிடித்தகை

இறுக்கினால் கோணல் போகாது தம்பி, கோணலோடு இறுகும். கட்டையை வளைத்துப் பிடித்து வைத்திருப்பீர்கள். அது ஒரு நாள் தன் இடத்துக்குத் திரும்பப் பார்க்கும்.

மரம் இன்னொரு காரணத்துக்காகவும் அசையும். காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், வறண்டால் ஒடுங்கும். நீளவாக்கில் அநேகமாக ஒன்றும் தெரியாது, எல்லாம் அகலவாக்கில்தான். 300 மில்லிமீட்டர் அகலப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர்வரை போய்வரும். அதை நாலாபுறமும் பசை போட்டு அடைத்தால், ஒன்று பலகை பிளக்கும் அல்லது சட்டத்தின் மூட்டு விடும். பழைய கதவுகளைப் பாருங்கள். சட்டத்தின் காடிக்குள் பலகை பசையில்லாமல் சும்மா செருகியிருக்கும். ஆட்டினால் லொடலொடவென்று சத்தம்கூட வரும். அந்தத் தளர்ச்சியால்தான் கதவு இத்தனை காலம் நிற்கிறது. நீங்களும் ஒரே பலகையாகப் போடாமல் ரீப்பராகப் போட்டது நல்லது. ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் உப்பினாலும் பக்கத்துச் சந்து வாங்கிக்கொள்ளும்.

பதிவு 13: மைக்ரான்மணி

“நன்றாக இறுக்கினால் அசையாதே” என்பதைப் படித்ததும் கை துறுதுறுக்கிறது. போல்ட்டை இறுக்கும்போது நாம் செய்வது அதை இழுத்து நீட்டுவது. கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு, ஒரு ஸ்பிரிங்போலப் பாகங்களை நெரித்துப் பிடிக்கிறது. பிடிமானம் அந்த இழுவிசையில்தான் இருக்கிறது.

ஆனால் ஸ்பேனரில் நாம் போடுகிற பலத்தில் சுமார் பாதி போல்ட் தலைக்கு அடியிலுள்ள உராய்வுக்கே போய்விடுகிறது. இன்னொரு நாற்பது சதவீதம் மரையின் உராய்வுக்கு. மிஞ்சுகிற பத்துதான் போல்ட்டை நீட்டுகிறது. அதனால்தான் காய்ந்த போல்ட்டுக்குச் சொன்ன அளவை எண்ணெய் தடவிய போல்ட்டுக்குப் போட்டால் அது அறுந்து கையோடு வந்துவிடக்கூடும். பலத்தைக் கூட்டவே இல்லை, உராய்வு விட்டுக்கொடுத்துவிட்டது. நட்டுக்குள் இருக்கும் மரைகளும் சுமையைச் சமமாகச் சுமப்பதில்லை. சுமை வந்து விழுகிற பக்கத்தில் உள்ள முதல் மரையே சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தாங்கும். ஒன்றிரண்டு மரை நன்றாகப் பிடித்தால் போதும் என்பவர்களும், நீள நட் போட்டால் பலம் ஏறிக்கொண்டே போகும் என்பவர்களும் இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

பதிவு 14: தூண்தாங்கி

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். கட்டடப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

1981 ஜூலை 17, அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி. ஒரு ஹோட்டல் கூடத்தின் மேல் இரண்டு நடைபாலங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக, கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்கின. முதல் வரைபடத்தில் கம்பி ஒன்றுதான். கூரையிலிருந்து இறங்கி, மேல்பாலத்தைத் துளைத்துக்கொண்டு கீழ்ப்பாலம்வரை போகும். அப்படியென்றால் மேல்பாலத்தின் நட்டை ஏற்றுவதற்குக் கம்பி நெடுக மரை வெட்ட வேண்டும், பூட்டும்போது அந்த மரை அடிபடும். அதைத் தவிர்க்கக் கம்பியை இரண்டாக்கினார்கள். கூரையிலிருந்து மேல்பாலத்துக்கு ஒன்று, மேல்பாலத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு இன்னொன்று.

பார்வைக்கு ஒரே பொருள். பாலம் அதே, கம்பியின் தடிமன் அதே, நட் அதே. ஒரே கயிற்றை இரண்டு பேர் மேலும் கீழுமாகப் பிடித்துத் தொங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். அவரவர் எடையை அவரவர் கை தாங்கும். இப்போது கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொள்கிறார். கயிற்றுக்கு அதே சுமைதான். மேலே இருப்பவரின் கைக்கு இரட்டிப்பு. அந்தக் கைதான் மேல்பாலத்து நட். அது உட்கார்ந்திருந்த உத்தரமோ, இரண்டு ‘ப’ வடிவ எஃகுச் சட்டங்களை வாயோடு வாய் வைத்து வெல்டிங் செய்த பெட்டி. துளை போட்டிருந்ததும் அந்த வெல்டிங் கோட்டின் மேலேயே. நட் அந்த இடத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. 114 பேர் இறந்தார்கள். முதல் வரைபடத்தின்படி கட்டியிருந்தாலும் விதிமுறை கேட்ட பலத்தில் சுமார் 60 சதவீதம்தான் இருந்திருக்கும் என்பதும் விசாரணையில் தெரிந்தது. யாரும் அந்த மூட்டைத் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்கவே இல்லை.

நேர்மாறான உதாரணமும் உண்டு, ஈபிள் கோபுரம். 18,038 பாகங்கள், 25 லட்சம் ரிவெட்டுகள். பொருந்தாத பாகத்தை அந்த இடத்திலேயே தட்டிச் சரிசெய்யவில்லை, பட்டறைக்கே திருப்பி அனுப்பினார்கள். இவ்வளவு கறாராக இருந்தவர்கள்கூட, சாய்ந்து எழும் நான்கு கால்களும் முதல் தளத்தில் தானாகவே வந்து சேர்ந்துவிடும் என்று நம்பவில்லை. கால்களுக்கு அடியில் ஹைட்ராலிக் ஜாக்கி, தாங்குசட்டங்களில் மணல் நிரப்பிய பெட்டிகள். ஒரு பக்கம் உயரமாக இருந்தால் பெட்டியைத் திறந்து கொஞ்சம் மணலை ஒழுகவிடுவார்கள். இரும்புக் கோபுரம் மணல் இறங்குகிற அளவுக்கு மெல்லத் தாழ்ந்து, துளையோடு துளை சேரும். பிறகுதான் ரிவெட்.

பதிவு 15: புதுவரவு

மணல் பெட்டியா! இரண்டு முறை படித்தேன்.

பதிவு 16: எண்ணெய்க்கை

பராமரிப்பு வேலை பார்க்கிறவன் நான். பூட்டுவது ஒரு முறை, கழற்றிப் பூட்டுவது நூறு முறை. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 1990 ஜூன் 10 அன்று பிரிட்டனிலிருந்து கிளம்பிய ஒரு விமானத்தில், நடுவானில் விமானியின் முன்கண்ணாடி பறந்துபோனது. விமானி பாதி உடம்பு வெளியே இழுபட, ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி தரையிறக்கினார். விமானி உயிர் பிழைத்தார். அந்தக் கண்ணாடி முந்தைய நாள்தான் மாற்றப்பட்டிருந்தது. 90 போல்ட்களில் 84, விட்டத்தில் 0.66 மில்லிமீட்டர் சிறியவை. மற்ற ஆறு, விட்டம் சரி, நீளம் இரண்டரை மில்லிமீட்டர் குறைவு. வேலை செய்தவர் பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு இணையாகக் கண்ணால் பார்த்துப் புதியவற்றைப் பொறுக்கியிருக்கிறார்.

இழைப்புளி நண்பரின் ரீப்பர் கதையேதான். அவர் நகத்தால் தடவினார், இவர் கண்ணால் பார்த்தார்.

அன்றிலிருந்து நான் போல்ட்டின் பட்டியல் எண்ணைப் படிக்காமல் கையில் எடுப்பதில்லை என்று சொன்னால் பொய். ஆனால் தப்பாக எடுத்தது ஒவ்வொரு முறையும் பிறகு தெரிந்திருக்கிறது.

பதிவு 17: ஊசிமுனை

சட்டம் என்ன ஆயிற்று?

பதிவு 18: இழைப்புளி

தாயும் அதைவைத்து வெட்டிய பதினொன்றும் சேர்த்துப் பன்னிரண்டு. பசையில்லாமல் ஒரு முறை கூட்டிப் பார்த்தேன். மேலே 600, நடுவே 600, கீழே 600. ஒரு ரீப்பர் மட்டும் கொஞ்சம் இறுக்கம், இரண்டு இழைப்பு இழைத்ததும் உட்கார்ந்துவிட்டது. பசையை எடுத்துவிட்டேன்.

பதிவு 19: அரம்பிடித்தகை

பசையைக் கீழே வையுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக அளந்தீர்களா? அகலம் எல்லா இடத்திலும் 600 இருந்தாலும் சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம்.

பதிவு 20: இழைப்புளி

இல்லை. அளக்கிறேன்.

ஒரு மூலைவிட்டம் 1,080. இன்னொன்று 1,084.

பதிவு 21: அரம்பிடித்தகை

நீளமாக இருக்கிற மூலைவிட்டத்தின் இரண்டு முனைகளிலும் கிளாம்ப் போட்டு மெல்ல நெருக்குங்கள். திருகாணியைத் தொடாதீர்கள். இரண்டும் ஒன்றானதும் எழுதுங்கள்.

பதிவு 22: இழைப்புளி

1,082. 1,082.

இப்போது ஒவ்வொன்றாகக் கழற்றிப் பசை வைத்து, மறுபடி கிளாம்ப் போட்டு அளக்கப் போகிறேன். அரை மணி நேரத்துக்கு யாரும் புதுக் கேள்வி எதையும் கிளப்பிவிடாதீர்கள், கையெல்லாம் பசையாக இருக்கும்.